எல்லாவற்றையும் சேமிக்க இடம் இருக்கிறதா?

கேள்வி இதுதான்: "அமெரிக்க உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ. உலகத்தார் பேசுவதையெல்லாம் பதிந்து வைக்கிறது என்கிறார்கள். இத்தனை கோடிப் பேரின் பேச்சையும் மின்னஞ்சலையும் அடுக்கி வைக்க இடம் எங்கே? செலவு கட்டுப்படியாகுமா? எல்லாம் மிகைப்படுத்தல்தானே?"

மிகைப்படுத்தல் இருக்கிறது. ஆனால், நீங்கள் சந்தேகப்படுகிற இடத்தில் இல்லை. 'சேமிக்க இடம் போதாது' என்பதுதான் இந்த விவாதத்திலேயே மிகவும் நோஞ்சானான வாதம். ஒரு கணக்குப் போட்டாலே அது சாய்ந்துவிடும்.

தொலைபேசிப் பேச்சிலிருந்து தொடங்குவோம். பாட்டுக் கேட்கத் தேவைப்படும் ஒலித்தரம் பேச்சுக்குத் தேவையில்லை. அலுவலக இணையத் தொலைபேசிகளில் நெடுநாளாகப் புழங்கும் ஜி.729 என்ற சுருக்கமுறை நொடிக்கு 8 கிலோபிட்டில் முடித்துவிடுகிறது. அதாவது நொடிக்கு ஒரு கிலோபைட், மணிக்கு 3.6 மெகாபைட். ஒருவர் தினமும் ஒரு மணி நேரம் பேசினால் ஆண்டுக்கு 1.3 ஜிகாபைட். அமெரிக்க மக்கள்தொகையை 33 கோடி என்று வைத்து, கைக்குழந்தை உட்பட எல்லோரும் அப்படிப் பேசுகிறார்கள் என்று தாராளமாகவே கொள்வோம். ஒவ்வொரு பேச்சிலும் இரண்டு பேர் இருப்பதால் பாதியாக்கினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 215 பெட்டாபைட் வருகிறது (ஒரு பெட்டாபைட் என்பது ஆயிரம் டெராபைட்).

கேட்கப் பெரிதாக இருக்கும். இன்று கடையில் கிடைக்கும் 20 டெராபைட் ஹார்டு டிஸ்க்குகளில் போட்டால் 10,750 டிஸ்க். எது கெட்டாலும் தகவல் போகக் கூடாது என்று மூன்று பிரதி வைத்தாலும் 32,000 சொச்சம். ஒரு டிஸ்க் 400 டாலர் என்றால் மொத்தம் 1.3 கோடி டாலர். சர்வர் அறைகளில் இழுப்பறை போல வெளியே இழுக்கும் பெட்டிகள் உண்டு. ஒன்றில் 60 டிஸ்க்குகளைச் செங்குத்தாகச் செருகுவார்கள். ஆள் உயரத்துக்குச் சற்று மேலான ஓர் அடுக்கில் அப்படிப் பத்துப் பெட்டி நிற்கும். ஆக, ஓராண்டு அமெரிக்கப் பேச்சு முழுவதும் மூன்று பிரதியாக ஐம்பத்து நான்கு அடுக்குகளில் அடங்கிவிடும். ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் இதற்குப் போதும். 2013-இல் கசிந்த இரகசிய வரவுசெலவுக் கணக்கின்படி என்.எஸ்.ஏ.யின் ஆண்டுச் செலவு 1,000 கோடி டாலருக்கும் மேல். அதில் 1.3 கோடி என்பது சில்லறை.

இது என் கைக்கணக்கு மட்டும் அன்று. இணைய ஆவணக் காப்பகத்தை நிறுவிய புரூஸ்டர் கேல், 2013 ஜூனில் இதே கணக்கைத் தம் வழியில் போட்டு, ஓராண்டு அமெரிக்க அழைப்புகளுக்கு 272 பெட்டாபைட், மூன்று கோடி டாலருக்கும் குறைவான செலவு என்று சொன்னார். பெட்டாபைட்டுகளைத் தினமும் நிர்வகித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். குரலை எழுத்தாக மாற்றிவிட்டால் கணக்கு இன்னும் சுருங்கும்: நிமிடத்துக்கு 150 சொல் பேசினாலும் அது ஒரு கிலோபைட்டுக்குள் அடங்கும், ஒலியாக அதே நிமிடம் 60 கிலோபைட்.

இப்போது உண்மையில் நடந்ததற்கு வருவோம். ஏனென்றால் அமெரிக்கர்களின் அழைப்புகளைத் திரட்டிய திட்டத்தில் குரலைப் பதிவு செய்யவே இல்லை.

2013 ஜூன் 5 அன்று 'கார்டியன்' வெளியிட்ட முதல் ஆவணம், வெரைசன் நிறுவனத்தின் வணிகப் பிரிவுக்கு இரகசிய நீதிமன்றம் ஏப்ரல் 25 அன்று இட்ட உத்தரவு. என்.எஸ்.ஏ.யில் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் கொடுத்த ஆவணங்களில் வெளிவந்தது அதுதான் முதலில். நாள்தோறும் எல்லா அழைப்புகளின் விவரத்தையும் ஒப்படைக்க வேண்டும். பேச்சு வேண்டாம், விவரம் மட்டும் போதும் என்றது அது. அந்த விவரம் என்பது ஒரு வரிதான்: அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தொடங்கிய நேரம், நீடித்த நொடிகள், சிம்மின் அடையாள எண், கருவியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண். தொலைபேசி நிறுவனங்கள் தங்களுக்காக வைத்திருக்கும் பதிவில் எந்தக் கோபுரத்தில் பேச்சு தொடங்கி எந்தக் கோபுரத்தில் முடிந்தது என்பதும் இருக்கும். அந்தத் திட்டத்தில் கோபுர விவரத்தை வாங்கவில்லை என்று என்.எஸ்.ஏ. சொன்னது.

அந்த ஒரு வரிக்கு 200 பைட் என்று வைப்போம். ஆளுக்கு நாளைக்குப் பத்து அழைப்பு. இருவருக்கு ஒரு பதிவு என்றால் நாளொன்றுக்கு 165 கோடி வரி. மொத்தம் 330 ஜிகாபைட். ஆண்டுக்கு 120 டெராபைட்: ஆறே ஹார்டு டிஸ்க். அந்தத் திட்டத்தில் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க அனுமதி இருந்தது. ஐந்து ஆண்டுக்கு முப்பது டிஸ்க். மேலே சொன்ன இழுப்பறையில் பாதி. ஒரு நாட்டில் யார் யாரோடு எப்போது எவ்வளவு நேரம் பேசினார்கள் என்ற ஐந்தாண்டுச் சரித்திரத்தை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விடலாம். கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி உளவுத்துறை சரிந்தபோது 111 கிலோமீட்டர் நீளக் காகிதக் கோப்புகளை விட்டுச் சென்றது. அதற்கு 91,000 முழுநேர ஊழியர்கள் உழைக்க வேண்டியிருந்தது.

'பேச்சைத்தானே கேட்கவில்லை, எண்கள்தானே' என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் எண்ணூறுக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் அழைப்பு விவரங்களை மட்டும் வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும் என்று பார்த்தார்கள். 2016-இல் ஆய்வு வெளியானது. ஒருவர் இதய மருத்துவர்களோடு நீண்ட நேரம் பேசியிருக்கிறார். ஒரு பரிசோதனைக்கூடத்தோடு கொஞ்சம். மருந்துக் கடையிலிருந்து சில அழைப்புகள். இதயத்துடிப்பைக் கண்காணிக்கும் கருவிக்கான உதவி எண்ணுக்குச் சில. அவருக்கு இதயத்துடிப்புக் கோளாறு இருப்பதாக ஆய்வாளர்கள் ஊகித்தது சரியாக இருந்தது. ஒரு சொல்லைக்கூட ஒட்டுக் கேட்கவில்லை. என்.எஸ்.ஏ.யின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஹேடன் 2014-இல் ஒரு பொது விவாதத்தில், மெட்டாடேட்டாவை, அதாவது உள்ளடக்கம் இல்லாத இத்தகைய விவரங்களை வைத்துத்தான் ஆட்களைக் கொல்கிறோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். வெளிநாட்டு இலக்குகளைச் சொன்னார் என்பது உண்மை. ஆனால் அந்தத் தகவலின் வலு என்ன என்பதற்கு இதைவிட அதிகாரபூர்வமான சான்று வேண்டுமா?

இப்போது மிகைப்படுத்தலுக்கு வருகிறேன். யூட்டா மாநிலத்தில் புளூஃப்டேல் என்ற ஊருக்குப் பக்கத்தில் என்.எஸ்.ஏ. கட்டிய தரவு மையத்தைப் பற்றி அந்தக் காலத்தில் உலவிய கதைகளுக்கு அளவே இல்லை. 150 கோடி டாலர் செலவு. பத்து லட்சம் சதுர அடி. அதில் சர்வர்கள் நிற்பதற்கு நான்கு கூடங்களாக ஒரு லட்சம் சதுர அடி. 65 மெகாவாட் மின்சாரம். இதுவரை சரி. அதில் 5 செட்டாபைட் கொள்ளும் என்று என்.எஸ்.ஏ.யின் முன்னாள் கணிதவியலாளர் வில்லியம் பின்னி மதிப்பிட்டார். பின்னியின் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த எண்ணை அப்படியே விழுங்க முடியாது. 5 செட்டாபைட் என்பது 500 கோடி டெராபைட். அன்று கிடைத்த பெரிய டிஸ்க் 4 டெராபைட். 125 கோடி டிஸ்க் வேண்டும். 2013-இல் உலகம் முழுவதும் தயாரானவை ஐம்பது கோடிச் சொச்சம். ஒரு டிஸ்க் 6 வாட் இழுத்தால் 7,500 மெகாவாட். அந்த மையத்துக்கு இருந்ததோ 65. மின் இணைப்பின் அளவைப் பார்த்தாலே பல சேமிப்புக் கதைகளின் சாயம் வெளுத்துவிடும். கட்டட வரைபடத்தைப் பார்த்த வல்லுநர்கள் 'ஃபோர்ப்ஸ்' இதழுக்குச் சொன்ன மதிப்பீடு 3 முதல் 12 எக்ஸாபைட் வரை (ஒரு எக்ஸாபைட் என்பது பத்து லட்சம் டெராபைட்). அதுதான் நம்பக்கூடிய அளவு. அதுவும் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த மையம் தொடங்கிய விதமும் கதைகளில் வருவதைப் போல மிடுக்காக இல்லை. பதின்மூன்று மாதங்களில் பத்து முறை மின்னமைப்பு வெடித்து உருகியதாக 2013 அக்டோபரில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' எழுதியது. குளிரூட்டத் தண்ணீர் வேண்டும் என்பதால், 2014-இல் யூட்டா சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தண்ணீரையே நிறுத்தலாம் என்று மசோதா கொண்டுவந்தார். பாலைவன மாநிலத்தில் உளவுத்துறையின் கழுத்தைப் பிடிக்கக் குழாயைத் தேடினார் மனிதர். யோசனை நன்றாகத்தான் இருந்தது, மசோதா தேறவில்லை.

சரி, டிஸ்க் மலிவு என்றால் ஏன் எல்லாவற்றையும் என்றென்றைக்குமாக வைத்துக்கொள்ளவில்லை? இடம் அல்ல, வரத்துதான் சிக்கல். கண்ணாடியிழைக் கேபிளில் பாய்வதை அதே வேகத்தில் பிரித்து, எது யாருடைய தொடர்பு என்று கோத்து, தேடும்படி அட்டவணையிட்டு எழுத வேண்டும். பிரிட்டனின் உளவு நிறுவனமான ஜி.சி.எச்.கியூ. நடத்திய டெம்போரா திட்டம் கடலடிக் கேபிள்களில் கை வைத்தது. அங்கே உள்ளடக்கத்தை மூன்று நாள், மெட்டாடேட்டாவை முப்பது நாள் வைத்திருந்தார்கள். உள்ளே வந்ததும் முதல் வேலையாக, படம் தரவிறக்குவது போன்ற கனமான, உளவுக்குப் பயனற்ற போக்குவரத்தைக் கழித்துவிடுவார்கள். அதிலேயே முப்பது விழுக்காடு குறைந்துவிடும். லட்சம் பேர் ஒரே திரைப்படத்தைப் பார்த்தால் லட்சம் பிரதி எதற்கு? பிடித்த இணையத் தகவலைத் தேடுவதற்கான என்.எஸ்.ஏ.யின் எக்ஸ்கீஸ்கோர் அமைப்பின் ஆவணத்திலும் இதே திணறல் தெரிகிறது: சில சேகரிப்பு மையங்களுக்கு நாளொன்றுக்கு 20 டெராபைட்டுக்கு மேல் வருவதால் 24 மணி நேரம்தான் வைத்திருக்க முடிகிறது என்று எழுதியிருக்கிறார்கள். முக்கியமானதை மட்டும் பின்வேல் என்ற இன்னொரு கிடங்குக்கு மாற்றி ஐந்தாண்டு வரை வைப்பார்கள்.

இந்த முறையை யாரும் ஒளிக்காமல் செய்கிற இடம் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம். அங்கே துகள் மோதுவது நொடிக்கு நூறு கோடி முறை அளவில். நிலையாகப் பதிவாவது ஆயிரம் சொச்சம் நிகழ்வுகள். அப்படிக் கழித்தும் 2023-இல் அவர்களுடைய டிஸ்க் கொள்ளளவு ஒரு எக்ஸாபைட்டைத் தாண்டியது. இயற்பியல் ஆய்வுக்கு இது சாத்தியமென்றால் உளவுத்துறைக்குச் சாத்தியமில்லை என்று வாதிடுவது கஷ்டம்.

ஒரு நாட்டின் எல்லாப் பேச்சையும் குரலாகவே பிடித்த சம்பவமும் உண்டு. பஹாமாஸ் தீவுகளின் மொபைல் அழைப்புகள் ஒன்று விடாமல் பதிவாகி முப்பது நாள் வைக்கப்பட்டதை 2014 மே மாதம் 'தி இன்டர்செப்ட்' வெளியிட்டது. திட்டத்தின் பெயர் சோமால்கெட். நான்கு லட்சம் பேர்கூட இல்லாத நாடு. போதைப்பொருள் கடத்தலுக்காக என்று ஆவணத்தில் காரணம் எழுதியிருந்தது. முப்பது நாள் கழிந்ததும் பழையது அழிந்து புதியது மேலே ஏறும். இதன் பயன் என்ன என்பதைக் கவனியுங்கள்: இன்று ஒருவர் மீது சந்தேகம் வந்தால், சந்தேகம் வருவதற்கு முந்தைய மாதப் பேச்சையும் போய்க் கேட்கலாம். பழைய ஒட்டுக்கேட்பு சந்தேகத்துக்குப் பிறகு தொடங்கியது. இதுவோ சந்தேகம் வரும் வரை காத்திருக்கிறது. என்னைப் பொறுத்தவரை மொத்தக் கண்காணிப்பின் உயிர்நாடி இதுதான். டிஸ்க் எண்ணிக்கை அல்ல.

இத்தனை செய்து என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் பரிதாபமாக இருக்கிறது. தொலைபேசி விவரத் திட்டத்தை அலசிய அரசின் சொந்தத் தனியுரிமை மேற்பார்வை வாரியம், 2014 ஜனவரி அறிக்கையில், எந்தவொரு பயங்கரவாத வழக்கின் முடிவிலும் இது உருப்படியான மாற்றத்தை உண்டாக்கியதாகத் தெரியவில்லை என்றது. 2015 ஜூனில் சட்டம் மாறியது; பதிவுகள் நிறுவனங்களிடமே இருக்கும், கேட்டு வாங்க வேண்டும் என்றானது. சுருக்கிய அந்தத் திட்டத்திலும் 2017-இல் மட்டும் 53.4 கோடிப் பதிவுகள் வந்தன, இலக்குகளோ நாற்பதுதான். வர வேண்டாதவையும் கலந்து வந்ததால் 2018-இல் மூன்றாண்டுப் பதிவுகளை அழிக்க நேர்ந்தது. 2019-இல் கடையைக் கட்டினார்கள். நான்காண்டுச் செலவு பத்துக் கோடி டாலர். வேறெங்கும் கிடைக்காத தகவல் கிடைத்தது இரண்டே முறை.

நாற்பது எப்படி 53 கோடியாகிறது? சங்கிலிதான். ஆரம்பத்தில் ஒரு எண்ணிலிருந்து மூன்று தாவல் வரை போக அனுமதி இருந்தது. ஒருவருக்கு நூறு பேர் பழக்கம் என்றால் முதல் தாவலில் நூறு, அடுத்ததில் பத்தாயிரம், மூன்றாவதில் பத்து லட்சம். 2012-இல் முந்நூறுக்கும் குறைவான எண்களைத்தான் தேடினோம் என்று அதிகாரிகள் அடக்கத்தோடு சொன்னார்கள். முந்நூறைப் பத்து லட்சத்தால் பெருக்கிப் பாருங்கள். 2014-இல் ஒபாமா இதை இரண்டு தாவலாகக் குறைத்தார்.

அதனால் நான் பார்ப்பது இதை: தடை போடுவது டிஸ்க்கும் அல்ல, பணமும் அல்ல. எத்தனை நாள் வைக்கலாம், யார் தேடலாம் என்ற விதியும், அந்த விதியைக் கேள்வி கேட்க ஓர் ஆளும்தான். 2013 மார்ச்சில் செனட் குழுவில் அதன் உறுப்பினர் ரான் வைடன், லட்சக்கணக்கான அல்லது கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி ஏதேனும் தரவு திரட்டுகிறீர்களா என்று நேராகக் கேட்டபோது, அமெரிக்க உளவு அமைப்புகளின் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பர் "இல்லை ஐயா" என்றார். மூன்று மாதத்தில் குட்டு வெளிப்பட்டது. கேள்வி கேட்டவருக்கு விடை முன்பே தெரியும். இரகசியக் காப்பு விதியால் வாய் திறக்க முடியவில்லை. இடநெருக்கடி எந்தக் கட்டத்திலும் யாரையும் காப்பாற்றவில்லை.

நமக்கும் இதில் பங்குண்டு. அதே 2013 ஜூனில் வெளியான என்.எஸ்.ஏ.யின் உலக வரைபடத்தில், அந்த ஆண்டு மார்ச் மாதம் ஒன்றில் மட்டும் இந்தியாவிலிருந்து 630 கோடித் தகவல் துணுக்குகள் திரட்டப்பட்டதாகக் கணக்கிருந்தது. ஈரான், பாகிஸ்தான், ஜோர்டான், எகிப்துக்கு அடுத்து ஐந்தாம் இடம். நம் அரசும் சும்மா இருக்கவில்லை. தொலைபேசி நிறுவனங்கள் அழைப்பு விவரங்களை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்ற உரிம நிபந்தனை 2021 டிசம்பரில் இரண்டாண்டாக நீண்டது. பெரிய தரவு மையம் கட்டும் தலைவலி அரசுக்கு இல்லை. சேமிப்புச் செலவை நிறுவனம் ஏற்கிறது, நிறுவனத்துக்கு நாம் கட்டுகிறோம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017-இல் தீர்ப்புச் சொன்னார்கள். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு விலக்களிக்க வழிவைத்திருக்கிறது.

இதைப் படித்ததும் வரும் அடுத்த கேள்வி தெரியும்: வாட்ஸ்அப் முழுக்க மறையாக்கம் செய்திருக்கிறதே, பிறகென்ன கவலை? உள்ளடக்கத்துக்கு அது நல்ல பூட்டுதான். ஆனால் இரண்டு விஷயம். யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்பதை அந்தப் பூட்டு மறைப்பதில்லை. மேலே சொன்ன இதயநோய்க் கதை அங்கேயும் எழுதக்கூடியதுதான். இரண்டாவது, கசிந்த என்.எஸ்.ஏ. விதிகளின்படி, மறையாக்கம் செய்த தகவலை வழக்கமான கெடு தாண்டியும் வைத்துக்கொள்ளலாம், உடைக்க முயல்வதற்காக. டிஸ்க் மலிவாக இருப்பதால் இன்று திறக்க முடியாததை நாளைக்கென்று எடுத்து வைப்பது கட்டுப்படியாகும் காரியம். குவாண்டம் கணினிகளுக்கும் அசராத மறையாக்கத் தரநிலைகளை அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

எதைச் சேமிக்கிறார்கள் என்று பார்த்துச் செயலியைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். 2016-இல் அமெரிக்க நீதிமன்ற நடவடிக்கை ஒன்றில் சிக்னல் செயலியின் நிறுவனத்துக்கு ஆணை வந்தது: இரண்டு எண்களைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் தருக. ஒரு எண்ணுக்குக் கணக்கே இல்லை. மற்றதற்கு அவர்களால் தர முடிந்தது கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும். அவ்வளவுதான் அவர்கள் வைத்திருந்தார்கள்.